படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாண்

சாங்கி பாயிண்ட் படகு முனையத்தில் உபின் தீவுக்குப் பயணச்சீட்டு கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். தலைக்கு நாலு வெள்ளி. சைக்கிளுக்குத் தனிக் காசு. பத்து நிமிடத்தில் புலாவ் உபின் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பசியாறிவிட்டுக் கிளம்பும் நண்பர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்குக் கம்பத்து வாழ்க்கையின் மிச்சத்தைக் காட்ட நினைக்கும் மருமகன்கள் என்று எல்லாரும் இந்தப் பழைய பாணி மரப்படகில்தான் ஏறியாக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் பயப்பட அதிகம் இல்லை. இரண்டு கரைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கடல் அது. தொல்லை எல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். படகின் விளிம்புக்கும் மிதவைத் துறைக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். அது ஒரு நேரம் விரியும், ஒரு நேரம் மூடும். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் தண்ணீர்ப் போத்தல், தோளிலிருந்து நழுவும் பை என்று வருபவர் அந்த ஒரு சாணைத்தான் கடக்க வேண்டும்.

ஏறுவதா இறங்குவதா, எது ஆபத்து என்று கேட்டால் பலரும் ஏறுவது என்பார்கள். உண்மை நேர்மாறு. துறையில் நின்று எம்பினால் துறை அசையாது. படகில் நின்று எம்பினால் படகு பின்னால் போகும். கால் எவ்வளவு வேகமாக முன்னே போகிறதோ அந்த அளவுக்குப் படகு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பல டன் எடையுள்ள உபின் படகு இதற்குக் கொஞ்சம்தான் நகரும். சின்ன சம்பானோ கயாக்கோ என்றால் குதித்த ஆள் கரைக்கும் போய்ச் சேரமாட்டார், படகிலும் இருக்கமாட்டார். அதோடு, ஏறும்போது மனம் விழிப்பாக இருக்கிறது. இறங்கும்போது பயணம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கண் அதற்குள் கரையில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போய்விடுகிறது.

படகோட்டி என்ன செய்கிறார் என்று கவனித்தால் பாதிக் கதை புரிந்துவிடும். கூடியமட்டும் அவர் நீரோட்டத்துக்கு எதிராகவே துறையை அணுகுவார். அப்படி வந்தால்தான் வேகத்தைக் குறைத்த பிறகும் சுக்கான் பேச்சுக் கேட்கும். பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்கள் முதல் மோதலைத் தாங்கும். பிறகு இயந்திரத்தை நிறுத்தாமல், லேசாக முன்னோக்கி ஓடவிட்டுப் படகைத் துறையோடு அழுத்திப் பிடித்திருப்பார். அவசரத்துக்குப் பல நேரம் அந்த அழுத்தம்தான் கயிறு. அவர் கை விசையைக் குறைத்த கணம் இடைவெளி மறுபடி வாய் திறக்கும். ஆகவே அவர் தலையசைக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது என்பதை மரியாதைக்கான விதி என்று நினைக்க வேண்டாம். படகு பிடிபட்டிருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சிங்கப்பூரின் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 3 மீட்டர் வரை போகும். ஒரு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லால் கட்டிய நிலையான படித்துறையில் காலையில் இரண்டாம் படியில் கால் வைத்து ஏறியவர், மாலையில் திரும்பி வரும்போது பாசி படிந்த பத்தாம் படியில் இறங்க வேண்டியிருக்கும். மிதவைத் துறை இந்தத் தொல்லைக்கு வந்த பதில். கடலோடு சேர்ந்து துறையும் ஏறி இறங்குவதால் படகின் விளிம்பும் நிற்கும் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். சரிவு மட்டும் எங்கும் போய்விடவில்லை; மிதவையையும் கரையையும் இணைக்கும் நடைபாலத்துக்கு இடம் மாறியிருக்கிறது. வற்றத்தில் அது செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் தள்ளி வருபவர்களுக்கு அந்தச் சரிவு நன்றாகவே தெரியும்.

பலகை மேல் நடந்தவர்கள்

இந்த ஊரில் தமிழருக்கும் படகுக்கும் உள்ள உறவு உபின் உல்லாசத்தில் தொடங்கியதல்ல. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கினார் நாராயண பிள்ளை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பெரும்பாலும் அந்த இறக்கத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. அவருக்குப் பின்னால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களில் சூலியா முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1822இல் போடப்பட்ட நகரத் திட்டத்தில் ஆற்றை ஒட்டி அவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு குறிக்கப்பட்டிருந்தது. இன்றைய வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே சூலியா ஸ்திரீட் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

பெரிய கப்பல்களால் சிங்கப்பூர் ஆற்றுக்குள் வர முடியாது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கும் ஆற்றங்கரைக் கிட்டங்கிக்கும் இடையே சரக்கைக் கொண்டு வந்தவை தோணிகளும் தொங்கான்களும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தத் தொழில் பெரும்பாலும் சூலியாப் படகோட்டிகள் கையில்தான் இருந்தது. பிறகுதான் சீனர்களின் துவாக்காவ் படகுகள் ஆற்றை நிறைத்தன. ஆட்கள் மாறினாலும் வேலையின் முறை மாறவில்லை. படகிலிருந்து கரைக்கு ஓர் ஒடுங்கிய பலகை. முதுகில் அரிசி மூட்டையோ ரப்பர்க் கட்டோ. கைப்பிடி கிடையாது. ஏற்றத்தில் பலகை மட்டமாகக் கிடக்கும், வற்றத்தில் மலையேற்றம். போட் கீயின் பழைய புகைப்படங்களை வியந்து பார்ப்பவர்கள் அந்தப் பலகையின் சரிவையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த நாளைய துறைமுக வளத்தின் பெரும்பகுதி அதன் மேல் நடந்துதான் வந்தது.

தெலுக் ஆயர் சாலையில் இன்று நிற்கும் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டபோது அது கடற்கரை. கடலோடிகளின் காவலராக மதிக்கப்படும் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடம் அங்கே எழுந்தது தற்செயல் அல்ல. அதே சாலையில் சற்றுத் தள்ளி, சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்குத் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். கரை தொட்டவர்கள் முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போனார்கள். அந்தக் காலத்து இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

புறப்பட்ட இடத்திலும் நிலைமை அதுதான். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் வரை, அலை உடையும் இடத்தைத் தாண்ட ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஆணி அடித்த படகு அந்த அடியில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். நாகப்பட்டினத்திலோ பிற்காலம் வரை கப்பல் கரையைத் தொடாது. 1926இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தகரப் பெட்டியும் பாயுமாகப் பயணிகள் படகில் போய்த்தான் ஏறினார்கள். இந்தப் பக்கம் வந்ததும் டெக் பயணிகளில் பலருக்கு நேரே ஊருக்குள் வரும் வழி இல்லை. 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையமாக இருந்த செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கப்பட்டு, நாட்களை எண்ணிக் கழித்து, மறுபடி ஒரு படகில் ஏறி வரவேண்டும். சிராங்கூன் சாலையில் கடை வைத்த, மாடு வளர்த்த, சாலை போட்ட தலைமுறைக்கு ஒரே பயணத்தில் பலமுறை படகு மாறும் அனுபவம் இருந்தது.

பிறகு சிங்கப்பூர் அந்த ஒரு சாண் இடைவெளியை மூடத் தொடங்கியது. 1933இல் திறக்கப்பட்ட கிளிஃபர்ட் படகுத்துறை, ஜான்ஸ்டன் துறைக்குப் பதிலாக வந்தது. 2006இல் அதுவும் மூடப்பட்டு மரினா சவுத் படகுத்துறைக்குப் படகுகள் மாறின. ஆற்றைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தது. 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே கட்டிய அந்த அணை, கடலின் ஏற்றவற்றத்தையே ஆற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இன்று கிளார்க் கீயில் சுற்றுலாப் படகில் ஏறும் பயணிக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. மூட்டை சுமந்தவர்கள் கனவிலும் காணாத வசதி.

அவசரத்தின் கணக்கு

இடைவெளியை மூடிவிட்டால் ஆபத்து முடிந்துவிடுமா? பினாங்கு வேறு பாடம் சொல்கிறது. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் பினாங்கில் குவான் யின் விழாவும் ஒன்றாக வந்த நாள். பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் படகு முனையத்தில் ஃபெர்ரிக்குக் காத்து நின்ற கூட்டத்தின் பாரம் தாங்காமல் நடைமேடை இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 1,600க்கும் மேல். அவர்கள் யாரும் படகில் கால் வைக்கவே இல்லை. படகுப் பயணத்தின் ஆபத்து படகில் ஏறுவதற்கு முன்பே, வரிசையில் நிற்கும்போதே தொடங்குகிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் குசு தீவுக்கு யாத்திரிகர் கூட்டம் போகும் நாட்களில், மரினா சவுத் துறையில் தடுப்புக் கட்டி ஆட்களைப் பகுதி பகுதியாக விடும்போது முணுமுணுப்பவர்கள் பட்டர்வொர்த்தை நினைத்துக்கொள்ளலாம்.

கரைக்கு மிக அருகில் வந்த பிறகு நேர்ந்த இன்னொரு துயரத்தைச் சிங்கப்பூர் எளிதில் மறக்காது. 2007 நவம்பர் 23, கம்போடியாவின் நோம்பென். தொன்லே சாப் ஆற்றில் டிராகன் படகுப் பந்தயத்துக்குப் போயிருந்த சிங்கப்பூர்க் குழுவின் படகு, பந்தயம் முடிந்து துறைக்குத் திரும்பும்போது நீரோட்டத்தில் இழுபட்டுக் கவிழ்ந்தது. இருந்தவர்கள் 22 பேர். ஐந்து பேர் இறந்தார்கள். வலுவான இளைஞர்கள், தண்ணீருக்குப் பழகியவர்கள். மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. கட்டி நிறுத்திய கலங்களுக்கும் மிதவைத் துறைக்கும் அடியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். அங்கே நீச்சல் திறமைக்கு மதிப்புக் குறைவு. துறைக்குப் பக்கத்தில் விழுவதைவிட நடுக்கடலில் விழுவது சில வேளை மேல் என்று சொல்வது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் நடுக்கடலில் நசுக்க எதுவும் இல்லை.

எழுந்து நிற்பதன் விலை என்ன என்பதற்கு நியூயார்க்கில் ஒரு கணக்கு இருக்கிறது. 2013 ஜனவரி 9, காலை வேலைக்குப் போகும் நேரம். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த 'சீஸ்டிரீக் வால் ஸ்டிரீட்' என்ற விரைவுப் படகு மன்ஹாட்டன் துறையில் மோதியது. காயமடைந்தவர்கள் சுமார் 80 பேர். முதல் ஆளாக இறங்கிவிட வேண்டும் என்று பலர் முன்பே எழுந்து வாசலிலும் மாடிப்படியிலும் நின்றிருந்தார்கள். மோதலில் அவர்கள் எறியப்பட்டார்கள். துறையை அணுகும் நேரத்தில் படிக்கட்டில் ஆட்கள் நிற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன்பின் நடந்த விசாரணையின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. பாத்தாமிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரும் படகில், கயிறு கட்டுவதற்கு முன்பே பெட்டியை இறக்கிக்கொண்டு நடைபாதையில் நெருக்கியடிக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. குடிநுழைவு வரிசையில் ஐந்து இடம் முன்னால் நிற்பதுதான் அத்தனை அவசரத்துக்கும் பரிசு.

கன்னியாகுமரி இந்த விஷயத்தில் கண்டிப்பான ஊர். கடல் உள்வாங்கினால், அலை எழுந்தால், பூம்புகார் கப்பல் கழகம் படகை நிறுத்திவிடும். பயணிகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் நிறுத்தியது நிறுத்தியதுதான். விவேகானந்தர் பாறையில் படகு அணைந்தாலும், பக்கத்திலேயே இருக்கும் திருவள்ளுவர் சிலைப் பாறையில் அணையாத நாட்கள் பல. கடைசியில் 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. படகு அணைய முடியாத இடத்தில் அடம் பிடிக்காமல் பாலம் போட்டதும் ஒரு பாதுகாப்பு முடிவுதான்.

ஏணியில் ஏறுபவர்கள்

சுற்றுலாக்காரருக்கு ஒரு சாண் இடைவெளி ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிரச்சினை. வேறு சிலருக்கு அது தினக்கூலி. சிங்கப்பூரைச் சுற்றிய கடலில் எந்த நேரத்திலும் சுமார் 1,000 கப்பல்கள் நிற்கின்றன. அவற்றில் பழுது பார்க்க, சுத்தம் செய்ய, மாலுமிகளை மாற்ற, பொருள் கொடுக்க, மரினா சவுத் துறையிலிருந்தும் வெஸ்ட் கோஸ்ட் துறையிலிருந்தும் லாஞ்ச் படகுகள் ஓடியபடியே இருக்கின்றன. கடல்துறை வேலைகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் கணிசமாக உண்டு. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பவர்களில் சிலர், திங்கள் காலை ஆடும் லாஞ்சிலிருந்து கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணிக்குக் கால் மாற்றப் போகிறவர்கள்.

இங்கே விதிகள் வேறு. துறையில் 'பொறுத்து இறங்கு' என்பது போதும். ஏணியில் எந்தக் கணத்தில் மாறுவது என்பதுதான் உயிர். லாஞ்ச் அலையின் உச்சிக்கு வரும்போது ஏணியைப் பிடித்து உடனே இரண்டு மூன்று படி ஏறிவிட வேண்டும். அப்போது படகு கீழே விலகிப் போகும். பள்ளத்தில் இருக்கும்போது காலை வைத்தால், அடுத்த அலை படகைத் தூக்கிக் கொண்டுவந்து காலைக் கப்பலோடு நசுக்கும். பிடிக்க வேண்டியது படிப்பலகையை அல்ல, இரு பக்கக் கயிற்றை. ஏணியில் ஒரு நேரத்தில் ஓர் ஆள். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது; கருவிப் பை தனியாகக் கயிற்றில் ஏறும்.

கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகளுக்காக அனைத்துலகக் கடல் பாதுகாப்பு விதிகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கயிற்று ஏணியில் ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் கப்பலின் பக்கப் படிக்கட்டையும் ஏணியையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். ஏணி தேய்ந்திருந்தால், முடிச்சு தவறாக இருந்தால் பைலட் ஏற மறுத்துவிடலாம். அவர் ஏறாவிட்டால் கப்பல் அசையாது. எனவே கேப்டன் சரி செய்வார். இதே ஏணி முன்னால் நிற்கும் பழுதுபார்ப்புத் தொழிலாளியின் நிலை அப்படி இல்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் பாக்கி இருக்கும்போது, 'இந்த ஏணியில் ஏறமாட்டேன்' என்ற வாக்கியம் தொண்டையோடு நின்றுவிடும். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலையிடத்துக்கான பொறுப்பை முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. சட்டம் சரிதான். ஆனால் லாஞ்சில் வரும் மேற்பார்வையாளர் அந்த ஏணியை முதலில் தான் பார்த்து, சரியில்லை என்றால் படகைத் திருப்பும் துணிவு உள்ளவராக இருந்தால்தான் சட்டம் கடல்வரை எட்டும். அப்படிப்பட்டவருக்குச் சம்பளத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையாது என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உபினுக்குப் போகிறவர்களுக்கு

குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தேவையானது இவ்வளவு பெரிய சட்டம் அல்ல. பை முதுகில் இருக்கட்டும், கைப்பேசி பையில் இருக்கட்டும். நழுவும் ரப்பர்ச் செருப்பை வீட்டில் விட்டுவிட்டு வார் வைத்த செருப்பை மாட்டிக்கொள்ளலாம். சேலையோ வேட்டியோ கட்டியவர்கள் கரண்டைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும். விளிம்பில் நிற்காமல் உடனே படகின் நடுப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். எல்லாரும் ஒரே பக்கம் நின்று படம் எடுத்தால் படகு சாயும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதைவிட, ஒருவர் முதலில் ஏறி நின்று, மற்றவர் கையிலிருந்து வாங்குவது நல்லது. முட்டி வலி உள்ள பெரியவர்களை விளிம்பில் முதலில் உட்காரவைத்துக் காலைத் திருப்பி உள்ளே விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது: படகு துறையில் இடிக்கப் போகிறதே என்று கையையோ காலையோ நடுவே நீட்டித் தடுப்பது. உதவும் எண்ணத்தில் வரும் இந்தப் பழக்கம் விரலைக் கொண்டுபோய்விடும். பல டன் எடையைத் தாங்கத்தான் டயர் இருக்கிறது. போடப்பட்டு இறுகி நிற்கும் கயிற்றின் அருகிலும் நிற்க வேண்டாம். அறுந்தால் சாட்டையாக வீசும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிவதற்கு முன்பும் காலையிலும் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். மேற்கு வானம் கறுத்தால் துறையின் கூரைக்கடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவதே சரி.

மாலையில் திரும்பும்போது உபின் துறையில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். பன்னிரண்டு பேர் சேரக் காத்திருக்க வேண்டியிருக்கும். கிளம்பிக்கொண்டிருக்கும் படகைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தாவ வேண்டாம். மிச்ச இருக்கைகளுக்கும் சேர்த்து மொத்தம் 48 வெள்ளி கொடுத்தால், ஒரே ஒரு குடும்பம் இருந்தாலும் படகோட்டி கிளம்பிவிடுவார்.